கல்லில் எழும்பிய காடு

1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டவர்கள், அடுத்த வருடம் திரும்பிப் போனபோது கண்ட காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். முற்றம் நிறையப் புல். வேலியோரம் எருக்கலை, நாயுண்ணி. "வளவு பற்றையாய்ப் போச்சு" என்று கத்தியை எடுத்தோம். வெட்டாமல் விட்டிருந்தால் பற்றைக்குள் பறவை போட்ட வேப்பங்கொட்டை முளைத்து, காலப்போக்கில் மரமாகியிருக்கும். இப்படி ஒன்றன்பின் ஒன்றாகச் செடிகள் வந்து ஓரிடத்தை மூடுவதைத் தாவர வழிமுறை வளர்ச்சி என்பார்கள்.

நியூசிலாந்தில் இதை ஆராய்ந்த முன்னோடி லெனாட் கொக்கெய்ன். இவரும் வந்து குடியேறியவர்தான். 1855இல் இங்கிலாந்தில் பிறந்து, 1881இல் இங்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். பின்பு கிறைஸ்ட்சேர்ச் அருகே காணி வாங்கித் தோட்டம் செய்தபடியே தாவரங்களை ஆராய்ந்தார். ஆர்தர் கணவாய்ப் பகுதியில் தீயில் எரிந்த மலைப்பற்றை எப்படித் திரும்ப முளைக்கிறது என்று பார்த்து எழுதினார். 1903இல் மியூனிக் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது. 1934இல் காலமானார்.

1916இல் அமெரிக்கரான பிரெடெரிக் கிளெமென்ற்ஸ் இந்த வளர்ச்சியை ஒரு கோட்பாடாக விரித்து நூல் எழுதினார். வெறும் பாறையில் முதலில் கற்பாசி, பிறகு பாசி, புல், பற்றை, கடைசியில்தான் மரம் என்பது அவர் சொன்ன வரிசை.

ஆனால் ஒக்லாந்துத் துறைமுகத்துக்கு எதிரே தெரியும் ரங்கிட்டோட்டோத் தீவு இந்த வரிசைக்கு அடங்கவில்லை. சுமார் 600 வருடங்களுக்கு முன் எரிமலை கக்கிய கறுப்புக் கல் அது. அங்கே போனபோது என் மூத்தவன் கேட்டான்: "அப்பா, மண் எங்கே?" மண் இல்லைத்தான். கிறிஸ்மஸ் காலத்தில் சிவப்பாய்ப் பூக்கிற பொஹுட்டுகாவா மரம், மண்ணுக்குக் காத்திராமல் கல்வெடிப்பிலேயே வேர் விடுகிறது. அதன் சருகு விழுந்து உக்கி மண்ணாகிறது. அந்த நிழலில் பன்னங்களும் மற்றச் செடிகளும் வருகின்றன. கறுப்புக் கல்லின் நடுவே சிறுசிறு பச்சைத் திட்டுகள். திட்டுகள் சேர்ந்து காடு. உலகின் மிகப் பெரிய பொஹுட்டுகாவாக் காடு இன்று அதுதான்.

இந்தக் காடும் அழியப் பார்த்தது. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட பொசமும் வொலபியும் மரங்களை மொட்டையாக்கின. 1990களில் அவற்றை ஒழித்த பிறகே மரங்கள் தளிர்த்தன.

புதிதாய் வந்த நாங்கள், எல்லாம் அமைந்த பிறகுதான் காலூன்றலாம் என்று யோசிக்கிறோம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் அங்கே போய்ப் பாருங்கள். நகரத்திலிருந்து படகில் அரை மணித்தியாலம்கூட ஆகாது. தீவில் கடை இல்லை. சாப்பாடும் தண்ணீரும் கட்டிக்கொண்டு போங்கள். ஏறுமுன் சப்பாத்து, பைகளில் உள்ள மண்ணையும் விதையையும் தட்டிவிடுங்கள். கல்வெடிப்பில் நிற்கும் கன்றைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், பிடுங்க விடாதீர்கள்.