நீண்ட குழலும் குறுங்குழலும்



சில மாதங்களுக்கு முன்னர் அமெரிக்க நாட்டிலிருந்து எனக்கொரு மடல் வந்தது. எழுதியவர் என் பழைய மாணவர். ஊர்காவற்றுறையிற் பிறந்து வளர்ந்தவர். இப்பொழுது அந்நாட்டில் எரிபொருள் நிலையத்தை அடுத்த கடையொன்றில் இரவு வேளையிற் பணிபுரிகின்றார். அக்கடையில் இருமுறை கொள்ளை நடந்துவிட்டது. அச்சத்தினால் துப்பாக்கி விற்கும் நிலையம் ஒன்றுக்குச் சென்றிருக்கின்றார். விற்பனையாளர் இரண்டு கைத்துப்பாக்கிகளை எடுத்துக் காட்டினாராம். ஒன்றின் குழல் 3 அங்குலம். மற்றதன் குழல் 5 அங்குலம். முன்னது சட்டைக்குள் மறையும். பின்னது கையிற் கனக்கும். "ஐயா, கடற்கோட்டையைக் காட்டி, நீண்ட பீரங்கியின் குண்டு நெடுந்தூரம் செல்லும் என்று எங்களுக்குப் படிப்பித்தீர்களே. நான் எதனை எடுப்பது?" என்பதே அவர் வினா.

துப்பாக்கியைக் கையாலும் தொட்டறியாத ஓர் ஆசிரியனிடம் இவ்வினா வந்தது எனக்கு வியப்பளித்தது. ஆயினும் மாணவன் கேட்ட வினாவுக்கு விடை கூறாதிருத்தல் ஆசிரியனுக்கு அழகன்று. எனவே அறிந்தோரைக் கேட்டும் நூல்களைப் பார்த்தும் நான் அவருக்கு எழுதியவற்றையே இன்று உங்களுக்கும் கூற விழைகின்றேன்.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே பாதையிற் கடப்போர், நீரின் நடுவே நிற்கும் கடற்கோட்டையைக் கண்டிருப்பர். போர்த்துக்கேயர் எழுப்பிய அக்கோட்டையை 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் முற்றுகையிட்டனர். உள்ளிருந்தோருக்குக் குடிநீர் அற்றுப்போகவே கோட்டை பணிந்தது. அக்காலத்துப் பீரங்கிகளில் இருவகை உண்டு. குழல்வாயின் விட்டத்தைப்போல் இருபது மடங்குக்கு மேல் நீண்ட குழலுடையவை ஒருவகை. இவை குண்டை நேராகவும் தொலைவாகவும் செலுத்தின. விட்டத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கே நீண்ட, உரல் போன்ற வடிவுடையவை மற்றொருவகை. இவை குண்டை உயர எறிந்து மதிலுக்கு அப்பால் வீழ்த்தின. குழலின் நீளம் வெறும் தோற்றமன்று, தொழிலும் அதுவே என்பதனை இதனால் அறியலாம்.

இதன் காரணம் யாது? சிறுவர்கள் பப்பாசித் தண்டுக்குள் பயற்றங்கொட்டையை இட்டு ஊதுவதைப் பாருங்கள். சாண் அளவான தண்டில் ஊதினால் பயறு சற்றே தள்ளி விழும். முழ நீளமான தண்டில் அதே மூச்சை ஊதினால் முற்றத்தைத் தாண்டும். தண்டுக்குள் இருக்கும் வரைக்குமே மூச்சு பயற்றைத் தள்ளுகின்றது. வெளியே வந்ததும் மூச்சுக் காற்றிற் கலந்துவிடுகின்றது. துப்பாக்கியிலும் இதுவே நிகழ்கின்றது. வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயு பேரமுக்கத்துடன் சன்னத்தைப் பின்னின்று தள்ளுகின்றது. குழல் நீள நீள, தள்ளும் நேரமும் நீளுகின்றது, வேகமும் மிகுகின்றது.

ஆனால் இதற்கும் ஓர் எல்லையுண்டு. பத்து முழத் தண்டில் ஊதினால் பயறு இடையிலே நின்றுவிடும். சன்னம் முன்னேறுந்தோறும் அதன் பின்னாலுள்ள இடம் விரிகின்றது. வாயுவின் அமுக்கம் தணிகின்றது. குழலின் உராய்வோ குறைவதில்லை. 0.22 அங்குலச் சிறு சன்னம் ஏறக்குறைய 16 அங்குலக் குழலிலேயே தன் முழு வேகத்தை எய்திவிடும். அதற்கு மேல் நீளம் கூட்டினாற் பயனில்லை. மாறாக வேகம் குறையவும் கூடும்.

என் மாணவர் கண்ட இரு துப்பாக்கிகளும் 9 மில்லிமீற்றர்ச் சன்னத்தைச் சுடுவன. சன்னத்தின் வகைக்கேற்ப வேறுபாடு உண்டாயினும், பாரம் குறைந்த சன்னமொன்று 5 அங்குலக் குழலிலிருந்து செக்கனுக்கு ஏறக்குறைய 1200 அடி வேகத்தில் வெளிவரும். 3 அங்குலக் குழலிலிருந்தாயின் 1080 அடி அளவில் வெளிவரும். வேகத்திற் பத்திலொரு பங்குதானே குறைகின்றது என்று எண்ணலாகாது. இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதனைப் பௌதிகம் பயின்றோர் அறிவர். ஆகவே சக்தியில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு போய்விடுகின்றது.

இன்னொன்றும் உண்டு. குறுங்குழலில் மருந்து முழுதும் எரிந்து முடியுமுன்னரே சன்னம் வெளியேறிவிடும். எஞ்சியது குழல்வாய்க்கு வெளியே தீப்பிழம்பாக எரியும். இரவிலே அவ்வொளி சுடுபவர் கண்ணையே கூசச்செய்யும், ஓசையும் மிகும். துப்பாக்கி எடை குறைந்ததாகையால் பின்னுதைப்பும் கையை உலுக்கும். முதற் சன்னத்தை அடுத்து இரண்டாவதைக் குறியில் வைப்பது அரிதாகும்.

நீண்ட குழல் குறி தவறாது என்று பலரும் கூறுவர். இது பாதி உண்மை. குழலின் உட்புறத்திலுள்ள சுருள் வரிகள் சன்னத்தைச் சுழற்றி நேராகச் செலுத்துகின்றன. அதற்கு 3 அங்குலமே போதும். துப்பாக்கியை அசையாத பொறியிற் பொருத்திச் சுட்டால் குறுங்குழலும் குறியைத் தொடும். தவறுவது மனிதன் கண்ணும் கையுமே. துப்பாக்கியின் மேல் பின்னே ஒரு குறிகாட்டியும் முன்னே ஒரு குறிகாட்டியும் உள்ளன. அவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரம் 16 சென்ரிமீற்றர் எனக் கொள்வோம். முன்னது 1 மில்லிமீற்றர் விலகினால், 8 மீற்றருக்கு அப்பால் சன்னம் 50 மில்லிமீற்றர் விலகும். அத்தூரம் 12 சென்ரிமீற்றராயின் விலகல் 67 மில்லிமீற்றர். 8 சென்ரிமீற்றராயின் 100 மில்லிமீற்றர். தோளில் அணைத்துச் சுடும் நீண்ட துப்பாக்கியில் அது 64 சென்ரிமீற்றராயின் விலகல் 13 மில்லிமீற்றரையும் எட்டாது. வடிவொத்த முக்கோணங்களின் கணக்கு இது. பத்தாம் வகுப்பு மாணவரும் செய்து பார்க்கலாம்.

அவ்வாறாயின் குறுங்குழலை மக்கள் ஏன் நாடுகின்றனர்? மறைத்தற்பொருட்டே. வீட்டுக்கு வெளியேயும் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி ஏந்துதல் மக்களுக்குரிய உரிமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022ஆம் ஆண்டு யூன் 23ஆம் நாள் தீர்ப்பளித்தது. ஏந்துவோர் பிறர் காணாமல் ஏந்தவே விரும்புகின்றனர். நீண்ட குழல் அமரும்போது உறுத்தும். உறையிலிருந்து எடுக்கவும் சுணங்கும். ஆயினும் அறிந்தோர் கூறுவது யாதெனில், உடையின்கீழ்த் துருத்தித் தோன்றுவது குழலைவிடப் பிடியே என்பது. குழல் இடுப்புக்குக் கீழே அடங்கிவிடும். பிடி வெளியே புடைத்து நிற்கும். எனவே குழலைக் குறைப்பதால் வேகத்தையும் குறியையும் இழப்பவர், அதற்கு ஈடாகப் பெறும் மறைவு அவர் நினைக்குமளவு பெரிதன்று. 4 அங்குலத்தை அண்டிய குழலைப் பலர் நடுவழியாகக் கொள்வது இதனாலேயே.

மறைவு என்பது தற்காப்பவனுக்கு மட்டும் உதவுவதன்று. 1959ஆம் ஆண்டு செப்டெம்பர் 25ஆம் நாள் கொழும்பில் தமது இல்லத்திலே பிரதமர் பண்டாரநாயக்கா சுடப்பட்டதும், மறுநாள் உயிர் நீத்ததும் நாம் அறிந்தவையே. சுட்டவர் தமது காவியுடையினுள் சுழல்துப்பாக்கியை மறைத்து வந்திருந்தார். பார்வையாளரை வணங்கி வரவேற்ற பிரதமருக்கு உடையின்கீழ் இருந்தது தெரியவில்லை. மறைந்த படைக்கலத்தின் கொடுமை இதுவே. நம்பிக்கையை அது முதலிற் கொல்லுகின்றது.

ஆகையாற்றான் உலகின் சட்டங்கள் பலவும் அளவுகோலை எடுத்துக் குழலை அளக்கின்றன. இந்தியாவின் 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம், உரிமம் இன்றித் துப்பாக்கிக் குழலைக் குறுக்குதலைத் தடைசெய்கின்றது. பிரித்தானியாவின் 1968ஆம் ஆண்டுச் சட்டம், சிதறுகுண்டுத் துப்பாக்கியின் குழலை 24 அங்குலத்துக்குக் குறைவாக அறுத்தலைக் குற்றமாக்குகின்றது. நம்மவர் பெருந்தொகையாக வாழும் கனடாவில், 105 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் குறைந்த குழலுடைய கைத்துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவை. நம் நாட்டிலோ 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி, குழல் நீண்டதாயினும் குறுகியதாயினும் அனுமதிப்பத்திரமின்றி வைத்திருத்தல் குற்றமாகும்.

இவற்றையெல்லாம் எழுதிய பின்னர், மாணவருக்கு இறுதியாக ஒன்று எழுதினேன். "தம்பி, குழல் குறுகக் குறுகச் சுடுபவனுக்குப் பயிற்சி மிகுதியாக வேண்டும். ஆனால் குறுங்குழலை வாங்குவோர் பலர், வாங்கிப் பையிலிட்டதும் பயிற்சியை மறந்துவிடுகின்றனர். உம்முடைய நாட்டின் வீட்டுச் சுவர்கள் பலகை போன்றவை; அவற்றைச் சன்னம் துளைத்துச் செல்லும். குறி தவறிய சன்னம் காற்றிற் கரைவதில்லை. எங்கேனும் போய்த்தான் நிற்கும். யாருக்கென்று எறியப்படாத எறிகணை யார் வீட்டு முற்றத்தில் விழுந்தது என்பதைப் போர்க்காலத்தில் எங்கள் தீவகம் கண்டிருக்கின்றது. நீரும் கண்டிருக்கின்றீர். எனவே எதை வாங்குவது என்பதற்கு முன்னர், உம் கை எதைத் தாங்கும் என்று சோதித்துப் பாரும்."

விடை மடல் இரு மாதங்களின் பின் வந்தது. பயிற்சிக்கூடம் ஒன்றில் இரு துப்பாக்கிகளையும் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்தாராம். நீண்டதிலிருந்து சென்ற பத்துச் சன்னங்களில் எட்டுத் தாளைத் தொட்டன. குறுகியதிலிருந்து சென்ற பத்தில் நான்கே தொட்டன. "ஐயா, மற்ற ஆறும் கடையிலாயின் எங்கே போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டே வீடு திரும்பினேன். அன்று எதனையும் வாங்கவில்லை. கடை முதலாளியிடம் தடித்த கண்ணாடித் தடுப்பொன்று போடும்படி கேட்டிருக்கின்றேன்," என்று எழுதியிருந்தார்.

முதலாளி இணங்கினாரோ அறியேன். ஆனால் அந்த ஆறு சன்னங்களை எண்ணிப் பார்க்க என் மாணவர் கற்றுக்கொண்டார் என்பதில் எனக்கு ஓர் ஆறுதல் உண்டு.