முடிக்காமல் விட்ட இடங்கள்

1881-ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் தி ஹேக் நகரத்தில் இரண்டு ஓவியங்கள் பொதுமக்கள் முன்னால் வந்தன. ஒன்று 14 மீட்டர் உயரமும் 120 மீட்டர் சுற்றளவும் உள்ள கடற்கரைக் காட்சி. அதற்கென்றே வட்டமாக ஒரு கட்டடம் எழுப்பி, டிக்கெட் போட்டுக் காட்டினார்கள். இன்னொன்று ஏலத்துக்கு வந்த, பராமரிப்பில்லாத பழைய படம். ஒரு முழம் உயரம் கூட இல்லை. சேகரிப்பாளர் ஒருவர் இரண்டு கில்டருக்கு எடுத்தார். மேலே கமிஷன் 30 சென்ட். 1902-இல் அவர் இறந்தபோது அது நகரின் மௌரிட்ஸ்ஹாய்ஸ் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. அதுதான் யோஹானஸ் வெர்மீர் வரைந்த ‘முத்துத் தோடு அணிந்த பெண்’.

என்னைப் போலப் பிழைப்புக்காக இந்த ஊருக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அலுவலகங்களைத்தான். சர்வதேச நீதிமன்றம், தூதரகங்கள், யூரோபோல் என்று வெளிநாட்டுக்காரர்களுக்குச் சோறு போடும் ஊர் இது. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு டிராமில் போய் வருவதிலேயே காலம் ஓடிவிடும். அந்த இரண்டு படங்களும் நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருக்கின்றன என்பது மெதுவாகத்தான் உறைக்கும்.

பெரிய படத்திலிருந்து தொடங்குகிறேன். ஹென்ட்ரிக் வில்லெம் மெஸ்டாக் என்பவர் கடல் வரைவதில் பேர் பெற்றவர். பக்கத்திலிருக்கும் ஸ்கெவெனிங்கன் கடற்கரையின் மணல்மேட்டில் நின்றால் தெரியும் காட்சியைச் சுற்றிலும் 360 டிகிரிக்கு வரையும் வேலை அவருக்குக் கிடைத்தது. மனைவி சீன்ட்யேவும் சக ஓவியர்கள் சிலரும் கூடச் சேர, ஏறக்குறைய நான்கு மாதத்தில் முடித்துவிட்டார்கள். அதில் குதிரைப் படையை வரைந்த பிரைட்னர் என்ற இளைஞர் பின்னாளில் பெரிய ஓவியரானார். வட்டத் திரையில் நேர்க்கோடு வரைவது சாதாரண வேலை இல்லை. நேராக வரைந்தால் வளைந்து தெரியும். அதற்காக மெஸ்டாக் மணல்மேட்டின் மேல் ஒரு கண்ணாடி உருளையை வைத்து, கண்ணாடி வழியே தெரிந்ததை அதன் மேலேயே கோடு போட்டு எடுத்துக்கொண்டார். பிறகு அந்தக் கோடுகளைப் பெரிதாக்கித் துணியில் ஏற்றினார்கள்.

உள்ளே போகிற வழியிலேயே தந்திரம் ஆரம்பிக்கிறது. இருட்டான நடை, பிறகு சுழற்படி. கண் இருட்டுக்குப் பழகிய நேரத்தில் மேடைக்கு ஏறினால் சுற்றிலும் வெட்டவெளி, கடல், படகுகள், தூரத்தில் நீராவிக் கப்பலின் புகை. இது துணி என்று தெரிந்தே போனவர்களும் ஒரு கணம் தடுமாறுகிறார்கள்.

ஏன் ஏமாறுகிறோம்? தூரத்தை அளக்க மூளைக்குப் பல வழிகள் உண்டு. இரண்டு கண்களுக்கும் நடுவே சுமார் ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதால் ஒவ்வொரு கண்ணுக்கும் காட்சி சற்று விலகித் தெரிகிறது. அந்த விலகலிலிருந்து மூளை தூரத்தைக் கணக்குப் போடுகிறது. கண்ணின் லென்ஸ் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பது இன்னொரு தகவல். ஆறு மீட்டரைத் தாண்டிவிட்டால் லென்ஸுக்கு வேலையே இல்லை. பத்து மீட்டரும் பத்துக் கிலோமீட்டரும் அதற்கு ஒன்றுதான். மேடையிலிருந்து திரை பதினான்கு பதினைந்து மீட்டர் தள்ளி இருக்கிறது. அந்தத் தூரத்தைப் பார்க்கும்போது இரண்டு கண்களும் ஒன்றை நோக்கி ஒன்று சாயும் கோணம் கால் டிகிரிதான். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் ஏதாவது இருந்தால் மூளை அந்தக் கால் டிகிரியையும் பிடித்துவிடும். சாதாரணப் படத்தில் அப்படிக் காட்டிக்கொடுப்பது சட்டம், அதன் பக்கத்துச் சுவர், படம் முடிகிற விளிம்பு.

மெஸ்டாக்கின் படத்தில் விளிம்பே கிடையாது. மேல் ஓரத்தை மேடைக்கு மேல் விரித்த குடை மறைத்துவிடுகிறது. கீழ் ஓரத்துக்கு முன்னால் நிஜ மணலைக் கொட்டி, வலையும் உடைசலும் போட்டு வைத்திருக்கிறார்கள். மணல் எங்கே முடிந்து சாயம் எங்கே தொடங்குகிறது என்று தேடினால் கண் வலிக்கும். வெளிச்சம் கூரைக் கண்ணாடி வழியாக வருகிறது, ஆனால் குடை மறைப்பதால் அந்தக் கண்ணாடி பார்ப்பவருக்குத் தெரியாது. வெளியே மேகம் சூரியனை மறைத்தால் 1881-ஆம் ஆண்டுக் கடலும் இருண்டுபோகிறது. என் கணக்கில் அந்தக் கட்டடத்திலேயே அழகான விஷயம் இதுதான். ஆயிரத்து அறுநூறு சதுர மீட்டர் சாயம் பூசியவர், அசைவை மட்டும் வானத்துக்கு விட்டுவிட்டார்.

வெர்மீர் இதே காரியத்தைக் கடுகு அளவில் செய்தார். அந்தப் பெண்ணின் முத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் அங்கே முத்து இல்லை. மேலே தடிப்பாக ஒரு வெள்ளைத் தீற்று, கீழே வெள்ளைக் கழுத்துப்பட்டையின் மங்கலான பிரதிபலிப்பு. வட்டமாகக் கோடு கிடையாது, காதில் மாட்டும் கொக்கியும் கிடையாது. மூக்கும் அப்படித்தான்: மூக்கின் மேட்டுக்கும் அதன் மறுபக்கக் கன்னத்துக்கும் நடுவே எல்லையே வரையப்படவில்லை, இரண்டும் ஒரே நிறம். மூக்கு எங்கே முடிகிறது என்று தீர்மானிப்பது பார்ப்பவரின் தலைக்குள் இருக்கும் நரம்புகள். இல்லாத கோட்டை மூளை வரைந்துகொள்ளும் என்பது ஓவியர்களின் கைக்கு எப்போதோ தெரிந்திருந்தது. விஞ்ஞானிகள் அதை நரம்பில் பிடித்தது 1984-இல். குரங்குகளின் பார்வைப் புறணியில், இல்லாத விளிம்புகளுக்கும் நிஜ விளிம்புகளைப் போலவே துடிக்கும் செல்கள் இருப்பதைக் காட்டினார்கள்.

அது முத்தே இல்லை என்று டச்சு வானியற்பியலாளர் ஒருவர் வாதாடியிருக்கிறார். முத்தின் மேல்தோல் மிக மெல்லிய அடுக்குகளால் ஆனது. உள்ளே நுழையும் வெளிச்சம் அந்த அடுக்குகளில் சிதறித் திரும்புவதால் முத்துக்குப் பால் போன்ற மென்மையான ஒளி கிடைக்கிறது. படத்தில் இருப்பதோ கண்ணாடியைப் போலச் சட்டென்று தெறிக்கும் பளபளப்பு. மெருகேற்றிய தகரமாக இருக்கலாம் என்பது அவர் கட்சி. அவர் சொல்வது எனக்குச் சரியாகத்தான் படுகிறது. அதனால் படம் ஒரு குந்துமணி அளவும் குறையவில்லை.

2018-இல் இந்தப் படத்தை அருங்காட்சியகத்திலேயே ஒரு கண்ணாடி அறைக்குள் வைத்து, பார்வையாளர்களின் கண்ணெதிரே, எக்ஸ்-கதிர்களாலும் நுண்ணோக்கிகளாலும் ஆராய்ந்தார்கள். தலைத்துணியின் நீலம் இப்போதைய ஆப்கானிஸ்தானில் வெட்டியெடுத்த லாபிஸ் லாசுலி என்ற நீலக்கல்லைப் பொடித்துச் செய்தது. அந்தக் காலத்தில் மிக விலை உயர்ந்த நிறம். உதட்டின் சிவப்பு அமெரிக்கக் கள்ளிச்செடியில் வாழும் பூச்சியிலிருந்து எடுத்தது. பின்னணி இன்று கரிய வெறுமையாகத் தெரிகிறதே, அங்கே மடிப்பு மடிப்பாக ஒரு பச்சைத் திரைச்சீலை இருந்திருக்கிறது. அவுரி நீலத்தையும் ஒரு செடியின் மஞ்சளையும் சேர்த்துப் பூசிய பச்சை அது. இரண்டுமே வெளிச்சத்துக்குத் தாங்காத தாவரச் சாயங்கள் என்பதால் காலம் தின்றுவிட்டது. பாப்பா முதல் தாத்தா வரை எல்லோரும் மெச்சும் அந்த இருட்டுப் பின்னணி வெர்மீர் யோசித்தது இல்லை. சாயம் வெளிறியதால் வந்தது.

நகரின் மூன்றாவது கண்கட்டு வித்தைக்காரர் எஷர் என்ற ஓவியர். ராணியின் குளிர்கால அரண்மனையாக இருந்த மாளிகையில் 2002 முதல் அவருடைய அச்சுப்படங்களை வைத்திருக்கிறார்கள். 1960-இல் அவர் வரைந்த, ஏறிக்கொண்டே போனால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் மாடிப்படி அங்கே இருக்கிறது. அந்த யோசனையை விஞ்ஞானிகளான பென்ரோஸ் தந்தையும் மகனும் 1958-இல் ஓர் உளவியல் இதழில் எழுதியிருந்தார்கள். மூளை ஒவ்வொரு படியையும் தனித்தனியாகச் சரிபார்க்கிறது. மொத்தக் கணக்கைக் கூட்டிப் பார்ப்பதில்லை. எஷர் அந்தச் சோம்பேறித்தனத்தில் குடித்தனம் நடத்தினார். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் ஓர் அறைக்கு மேல் எனக்குத் தலை சுற்றும்.

வயிற்றுக்கு வருவோம். இந்த ஊரில் இந்தோனேசியச் சாப்பாட்டுக் கடைகளுக்கும் குறைவில்லை, சூரிநாம் ரொட்டிக் கடைகளுக்கும் குறைவில்லை. இரண்டு நாடுகளும் டச்சுக்காரர்களிடம் அடிமைப்பட்டிருந்தவை. 1873 முதல் 1916 வரை சுமார் 34,000 இந்தியர்களைக் கல்கத்தா வழியாகச் சூரிநாம் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றினார்கள். 1975-இல் சூரிநாம் விடுதலை பெற்றதையொட்டி அவர்களின் வழிவந்தவர்கள் பலர் இங்கே குடியேறினார்கள். பருப்பு வைத்த ரொட்டி, உருளைக்கிழங்கு, காராமணிக்காய், கோழிக்குழம்பு. எல்லோரும் கையால்தான் சாப்பிடுகிறார்கள், கோட்டுப் போட்ட வழக்கறிஞர்கள் உட்பட.

ஆனால் ஊரின் சொந்தச் சரக்கு ஹெர்ரிங் மீன். நம் மத்திக்குத் தூரத்து உறவு. மெஸ்டாக்கின் படத்தில் மணலில் ஏற்றி நிறுத்தியிருக்கும் தட்டையடிப் படகுகள் அதைப் பிடிக்கப் போனவைதான். ஸ்கெவெனிங்கனில் அப்போது துறைமுகம் இல்லை. 1894 டிசம்பர் புயல் கரையில் நின்ற படகுகளை நொறுக்கிய பிறகுதான் யோசித்து, 1904-இல் கட்டினார்கள். வசந்தத்தில் கடலில் மிதவை உயிரிகள் பெருகும்போது ஹெர்ரிங் தின்று கொழுக்கிறது. உடலில் குறைந்தது 16 சதவீதம் கொழுப்பு ஏறினால்தான் அந்த ஆண்டின் புது ஹெர்ரிங் என்று விற்கலாம். முட்டை வைக்கத் தொடங்கிவிட்டால் கொழுப்பு அதற்குச் செலவாகிவிடும். அதனால் மே முதல் ஜூலை வரை பிடிப்பதற்குத்தான் மவுசு.

இந்த மீனை அடுப்பில் ஏற்றுவதில்லை. சின்னக் கத்தியால் ஒரே இழுப்பில் செவுளையும் குடலில் ஒரு பகுதியையும் எடுத்துவிடுகிறார்கள், கணையத்தை மட்டும் வேண்டுமென்றே உள்ளே விட்டுவிடுகிறார்கள். பிறகு லேசான உப்பில் போடுகிறார்கள். உயிரோடிருந்தபோது இரையைச் செரித்த நொதிகள் இப்போது மீனையே மெல்லச் செரிக்கின்றன. புரதச் சங்கிலிகள் அறுந்து சதை மிருதுவாகிறது, சுவை தரும் அமினோ அமிலங்கள் வெளியே வருகின்றன. உப்பு கூடினால் நொதி முடங்கிவிடும், குறைந்தால் மீன் அழுகிவிடும். அந்த இடைவெளியில்தான் தொழிலே இருக்கிறது. ஒரு வகைப் புழுவுக்குப் பயந்து 1968 முதல் சட்டப்படி மைனஸ் 20 டிகிரியில் உறைய வைக்கிறார்கள். புழு சாகிறது. நொதி சாவதில்லை, உறைபனி விலகியதும் விட்ட வேலையைத் தொடர்கிறது.

ஆம்ஸ்டர்டாமில் இதைத் துண்டு போட்டு ஊறுகாய் வெள்ளரியோடு தருகிறார்கள். தி ஹேக்கில் வாலைப் பிடித்துத் தூக்கி, தலையை அண்ணாந்து கடிக்க வேண்டும். கடைக்காரர் நறுக்கிய வெங்காயம் வேண்டுமா என்று கேட்பார். முதல் தடவை வேண்டாம் என்று சொல்லுங்கள். வெங்காயத்தின் காரம் வந்தால் நொதி சேர்த்துவைத்த தித்திப்பு தெரியாது.