சாவி யார் கையில்? மையமற்ற சமூக வலைத்தளம் கற்பிக்கும் பாடம்

2014ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று ஆர்குட் மூடப்பட்டது. நம் நாட்டில் ஒரு தலைமுறையே இணைய நட்பை முதன்முதலாகப் பழகிய இடம் அது. 2019 ஏப்ரலில் கூகுள் பிளஸ் பொதுமக்களுக்கான சேவையை நிறுத்தியது. இந்திய மொழிகளுக்கென இங்கேயே உருவான ‘கூ’ செயலி, 2024 ஜூலையில் தன் பணியை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. ஒவ்வொரு முறையும் பயனர்கள் முன் ஒரே கேள்விதான் எழுந்தது: நாம் ஆண்டுக்கணக்கில் எழுதியவை, தேடிச் சேர்த்த நண்பர் வட்டம், நமக்கென அமைந்த பெயர் ஆகிய இவையெல்லாம் உண்மையில் யாருக்குச் சொந்தம்?

வங்கிக் கணக்கு வைத்திருக்கும் நமக்கு இக்கேள்வியின் பொருள் எளிதில் விளங்கும். கணக்கு வங்கியின் பேரேட்டில் இருக்கிறது. ஆயினும் அதிலுள்ள தொகையின் மீது நமக்குச் சட்டப்படியான உரிமை உண்டு. சமூக வலைத்தளத்திலும் நமக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆனால் அதன் பேரேட்டை நடத்துவது ஒரு தனி நிறுவனம். அது கடையை மூடினால் நம் கணக்கும் மூடப்படும். இந்த நிலையை மாற்றும் நோக்கில் பிறந்ததே, பிளாக்செயின் தொழில்நுட்பத்தின் மீது மையமற்ற சமூக வலைத்தளத்தைக் கட்டும் முயற்சி.

பொதுப் பேரேடு

ஊர்த் திருவிழா முடிந்ததும் வரவு செலவுக் கணக்கைப் பலர் முன்னிலையில் வாசிப்பது நம் வழக்கம். கேட்ட அனைவரும் தத்தம் ஏட்டில் அதைக் குறித்துக்கொண்டால், பின்னர் ஒருவர் மட்டும் தம் ஏட்டைத் திருத்திப் பயனில்லை. பிளாக்செயினின் அடிப்படையும் இதுவே. ஒரே பேரேட்டின் படிகள் பல கணினிகளில் இருக்கின்றன. புதிய பதிவுகள் தொகுதி தொகுதியாகச் சேர்கின்றன. ஒவ்வொரு தொகுதியும் முந்தைய தொகுதியின் கணித முத்திரையைத் தாங்கி வருவதால், பழையதைச் சத்தமின்றி மாற்ற இயலாது. 2009இல் இயங்கத் தொடங்கிய பிட்காயின், இம்முறையில் பணப் பரிமாற்றத்தைப் பதிந்தது. எழுத்தையும் நட்பையும் அவ்வாறே பதிந்தால் என்ன என்ற எண்ணம் பின்னர் வந்தது.

அந்த எண்ணத்துக்குப் பெரிய அளவில் உருவம் கொடுத்தவற்றுள் முன்னோடி, 2016இல் நெட் ஸ்காட், டான் லாரிமர் ஆகியோர் தொடங்கிய ஸ்டீமிட். இதன் அடித்தளமான ஸ்டீம் பிளாக்செயினில் மூன்று நொடிக்கு ஒரு தொகுதி உருவாகும். பயனர் எழுதும் கட்டுரை, மறுமொழி, விருப்ப வாக்கு ஆகிய எல்லாம் அதில் பதியும். படங்கள் பெரியவை என்பதால் அவை வழக்கமான கணினிகளிலேயே வைக்கப்பட்டு, இணைப்பு மட்டும் பேரேட்டில் இடம்பெறும். நல்ல எழுத்துக்கு வாசகர் இடும் வாக்கின் அடிப்படையில், புதிதாக உருவாகும் நாணயங்களில் ஒரு பங்கு எழுதியவருக்கு வெகுமதியாகச் சேரும்.

கணக்குக்கு ஒரே கடவுச்சொல் என்ற வழக்கமும் இங்கே மாறியது. எழுதுவதற்கும் வாக்களிப்பதற்கும் ஒரு சாவி, நாணயத்தை மாற்றுவதற்கு வேறொன்று, சாவிகளையே மாற்றுவதற்கு உயரதிகாரச் சாவி, மறைகுறிப்புகளுக்கு மற்றொன்று. இருப்பைப் பார்ப்பதற்கும் பணம் அனுப்புவதற்கும் இணைய வங்கிச் சேவையில் நாம் வெவ்வேறு கடவுச்சொற்கள் வைத்திருப்பதைப் போன்ற ஏற்பாடு இது.

வாக்குரிமையின் நுட்பம்

நிறுவனம் இல்லாவிட்டால் பேரேட்டை எழுதுவது யார்? ஸ்டீம் இதற்குத் தேர்தல் முறையைக் கைக்கொண்டது. ‘சாட்சிகள்’ எனப்படும் 20 பேர் வாக்குகளால் தேர்ந்தெடுக்கப்படுவர்; மேலும் ஓர் இடம் காத்திருப்போருக்குச் சுழற்சி முறையில் கிடைக்கும். தொகுதிகளை உருவாக்குவதும், மென்பொருள் மாற்றத்தை ஏற்பதும் மறுப்பதும் இவர்கள் பொறுப்பு. பெரிய மாற்றத்துக்கு 17 பேரின் இசைவு வேண்டும்.

ஆனால் தலைக்கு ஒரு வாக்கு என்ற கணக்கு இங்கே இல்லை. ஒருவர் எத்தனை நாணயங்களைப் பூட்டி வைத்திருக்கிறாரோ, அத்தனை எடை அவர் வாக்குக்கு உண்டு. அதோடு, ஒருவர் 30 சாட்சிகள் வரை வாக்களிக்கலாம். ஒவ்வொருவருக்கும் முழு எடையும் சேரும். ஆகவே போதிய நாணயம் கையிலுள்ள ஒருவர், 20 இடங்களையும் தம் விருப்பப்படி நிரப்பிவிட முடியும். அமைதிக் காலத்தில் இது எவர் கண்ணையும் உறுத்தவில்லை.

2020இன் புயல்

2020 பிப்ரவரியில், ட்ரான் என்ற மற்றொரு பிளாக்செயினின் நிறுவனர் ஜஸ்டின் சன், ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கினார். தொடக்க நாளிலேயே அந்நிறுவனம் சேர்த்து வைத்திருந்த பெருந்தொகை நாணயங்களும் உடன் கைமாறின. அவை வளர்ச்சிப் பணிக்கு மட்டுமே, தேர்தலில் வாக்களிக்க அல்ல என்பதே அதுவரை நிலவிய உறுதிமொழி. அந்த உறுதி நீடிக்குமா என்று அஞ்சிய சாட்சிகள், மென்பொருள் மாற்றம் ஒன்றின் வழியே அந்நாணயங்களைத் தற்காலிகமாக முடக்கினர். பிறர் சொத்தை இவ்வாறு முடக்குவது முறையா என்ற கேள்வி அப்போதே எழுந்தது.

மார்ச் 2 அன்று நிலைமை தலைகீழாயிற்று. பைனான்ஸ், ஹூவோபி, போலோனியெக்ஸ் ஆகிய நாணயச் சந்தைகள், தம்மிடம் வாடிக்கையாளர்கள் வைத்திருந்த ஸ்டீம் நாணயங்களைப் பூட்டி, அவற்றின் எடையைக் கொண்டு வாக்களித்தன. பழைய சாட்சிகள் வீழ்ந்தனர், புதியவர்கள் அமர்ந்தனர். லாக்கரில் நாம் வைத்த பங்குப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு, லாக்கரின் காப்பாளர் பங்குதாரர் கூட்டத்தில் வாக்களித்துவிட்டு வந்தால் நமக்கு எப்படியிருக்கும்? மேலும், வாக்குக்காகப் பூட்டிய நாணயத்தை உடனே எடுக்க இயலாது. 13 வாரங்களில் வாரத் தவணையாகவே அது விடுபடும். கண்டனம் எழுந்ததும் பைனான்ஸும் ஹூவோபியும் வாக்குகளைத் திரும்பப் பெற்றன.

பயனர் சமூகம் வேறு வழி தேடிற்று. மார்ச் 20 அன்று பழைய பேரேட்டைப் படியெடுத்து ‘ஹைவ்’ என்ற புதிய பிளாக்செயினைத் தொடங்கியது. நிறுவனம் சேர்த்து வைத்திருந்த நாணயங்களுக்கு அதில் இடமளிக்கவில்லை. பயனர்களோ தம் பெயர், எழுத்து, நட்பு வட்டம் ஆகியவற்றுடன் புதிய இல்லம் புகுந்தனர். ஆர்குட்டை இழந்தவர்களுக்கு வாய்க்காத பேறு இது. பேரேடு பொதுவானதாக இருந்ததனாலேயே இது கைகூடியது.

ஹைவ் பாடத்தையும் மறக்கவில்லை. நாணயத்தைப் பூட்டியபின் 30 நாள் கழிந்த பிறகே அதற்குத் தேர்தல் வாக்குரிமை என்ற விதியை அதே ஆண்டில் சேர்த்தது. பழைய ஸ்டீமிலோ, 2020 மே மாதத்தில் எதிர்த்தரப்பினர் சிலரின் நாணயங்கள் மென்பொருள் மாற்றத்தால் கையகப்படுத்தப்பட்டன. மாற்றவே முடியாதது என்று புகழப்படும் பேரேடும், அதைக் காப்போர் ஒன்றுகூடினால் மாறும் என்பதை இரு நிகழ்வுகளும் உணர்த்தின.

நாம் கொள்ள வேண்டிய கவனம்

நம்பிக்கை என்பதை எந்தத் தொழில்நுட்பமும் தேவையற்றதாக்கிவிடவில்லை. அது நிறுவனத்திடமிருந்து சாட்சிகளிடமும், சந்தைகளிடமும், நம் சொந்தக் கவனத்திடமும் இடம் மாறியிருக்கிறது. இத்தகைய தளங்களில் கணக்குத் தொடங்க எண்ணுவோர் சிலவற்றை மனத்தில் இருத்துவது நலம்.

• சாவி தொலைந்தால் அடையாளச் சான்றுடன் சென்று நிற்க ஒரு கிளை அலுவலகம் இல்லை. உயரதிகாரச் சாவியை இணையத்துக்கு வெளியே, எழுத்து வடிவில், பத்திரமாக வையுங்கள்.

• வங்கிக் கணக்குக்கு நியமனதாரரைப் பதிவது போன்ற ஏற்பாடு இங்கே தானாக அமையாது. நமக்குப் பின் சாவி யாரிடம் சேர வேண்டும் என்பதை நாமே திட்டமிட வேண்டும்.

• எழுதியதைத் திருத்தலாம். முந்தைய வடிவம் பேரேட்டில் நிற்கும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவை நீக்கக் கோரும் உரிமையைப் பேசுகிறது. ஆயினும் பல நாடுகளின் கணினிகளில் பரவிவிட்ட பதிவை நீக்குவது நடைமுறையில் அரிது. குழந்தைகளின் விவரம், தொலைபேசி எண், முகவரி ஆகியவற்றை அங்கே எழுதாதீர்கள்.

• சந்தையில் விட்டுவைத்த நாணயத்தின் சாவி சந்தையிடமே உள்ளது. வங்கி வைப்புத்தொகைக்கு 2020 பிப்ரவரி முதல் ரூ. 5 லட்சம் வரை கிடைக்கும் வைப்புக் காப்பீடு இதற்குப் பொருந்தாது.

• இந்நாணயங்கள் நம் வரிச் சட்டத்தில் மெய்நிகர் டிஜிட்டல் சொத்துகள். விற்பனை ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரியும், மாற்றும்போது 1 விழுக்காடு மூல வரிப் பிடித்தமும் 2022இல் நடைமுறைக்கு வந்தன. ஒரு நாணயத்தில் நேர்ந்த நட்டத்தை மற்றொன்றின் ஆதாயத்தில் கழிக்க இயலாது. வெகுமதிக்காக எழுதுவோர் கணக்குக் குறிப்பை முறையாக வைத்திருக்க வேண்டும்.

வெகுமதியை வருவாயாக நம்பி இறங்குவதினும், தம் எழுத்தும் பெயரும் தம் கையில் இருக்க வேண்டும் என்ற ஆர்வத்தில் இறங்குவோருக்கே இத்தளங்கள் பொருத்தமானவை. எங்கே கணக்குத் தொடங்கினாலும் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: இதன் பேரேட்டை எழுதுவது யார்? சாவி யார் கையில்? இவ்விரண்டுக்கும் தெளிவான விடை கிடைத்த பின்னரே நம் பெயரையும் பொருளையும் அங்கே ஒப்படைப்போம்.