களிமண் தட்டு சுடுதல்: குறியைத் திருத்திக்கொள்ளும் முறைகள்

களிமண் தட்டு சுடுதல் என்பது, எந்திரம் வானில் வீசும் சிறு தட்டை, அது தரையில் விழுவதற்கு முன் ஷாட்கன் வகைத் துப்பாக்கியால் சுட்டு உடைக்கும் விளையாட்டு ஆகும். ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு ஆகியவற்றில் ட்ராப், ஸ்கீட் என்னும் இரு பிரிவுகளாக இது நடைபெறுகிறது. ரைபிள், பிஸ்டல் போட்டிகளில் இலக்கு அசையாது நிற்கும். சுடுபவர் உடலை அசையாமல் நிறுத்தப் பழகுகிறார். இங்கோ இலக்கு பறக்கிறது. துப்பாக்கியும் அதனுடன் நகர்ந்தாக வேண்டும். ஆகவே, இவ்விளையாட்டில் குறி தவறுவதற்குக் கை நடுக்கத்தைவிடக் கண், கன்னம், இடுப்பு ஆகிய மூன்றுமே பெரும்பாலும் காரணமாகின்றன. குறியைத் திருத்த விரும்புவோர் இம்மூன்றையும் பழக்க வேண்டும்.

தட்டும் துப்பாக்கியும்

தொடக்கத்தில் உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுடுவதே வழக்கமாக இருந்தது. பின்னர்க் கண்ணாடி உருண்டைகள் வந்தன. 1880ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரைச் சேர்ந்த ஜார்ஜ் லிகோவ்ஸ்கி என்பவர் சுட்ட களிமண்ணால் ஆன தட்டை உருவாக்கினார். பெயர் அன்று முதல் நிலைத்துவிட்டது, பொருள் மாறிவிட்டது. இன்றைய தட்டு களிமண்ணால் ஆனதன்று. சுண்ணாம்புக்கல் தூளையும் கீல் போன்ற பிசினையும் சூடாக்கிக் கலந்து, அச்சில் வார்த்து அதைச் செய்கிறார்கள். அரியலூர் மாவட்டத்தில் செந்துறை வட்டார மக்களுக்குச் சிமெண்டு ஆலைகளின் வழியே நன்கு அறிமுகமான அதே கல்வகைதான் இத்தட்டின் முதன்மைப் பொருள். வீசும்போது உடையாத அளவுக்கு உறுதியும், ஈயக் குண்டு பட்டால் சிதறும் அளவுக்கு நொய்மையும் இக்கலவைக்கு உண்டு.

பன்னாட்டுப் போட்டித் தட்டின் விட்டம் 110 மி.மீ.; எடை 105 கிராம் அளவு. துப்பாக்கி 12 போர் அளவுள்ள, இரட்டைக் குழல் உடையது. தோட்டாவில் ஒரே குண்டு இராது. 24 கிராம் எடைக்குச் சிறு ஈயக் குண்டுகள் இருக்கும். 2.4 மி.மீ. விட்டமுள்ள குண்டுகள் எனில் ஒரு தோட்டாவில் ஏறத்தாழ 300 இருக்கும். குழலை விட்டு வெளியேறியதும் இவை ஒரு கூட்டமாக விரிந்து செல்கின்றன.

இதனால், "300 குண்டுகளில் ஒன்றாவது படாதா?" என்ற எண்ணம் புதியவர்களுக்கு எழுவது இயல்பு. ஆனால் 30 முதல் 35 மீட்டர் தொலைவில் இக்கூட்டத்தின் பயனுள்ள அகலம் ஏறத்தாழ 75 செ.மீ. மட்டுமே. மையத்திலிருந்து முக்கால் முழம், அதாவது 35 செ.மீ. அளவுக்குத்தான் பிழைக்கு இடம் உண்டு. அதற்கு மேல் விலகினால் தட்டு முழுதாகவே தரையிறங்கும்.

ட்ராப், ஸ்கீட்

ட்ராப் போட்டியில் சுடுபவருக்கு 15 மீட்டர் முன்னால் ஒரு பள்ளத்தில் 15 எந்திரங்கள் இருக்கும். வரிசையாக ஐந்து நிலையங்கள் உண்டு. சுடுபவர் குரல் கொடுத்ததும் ஒலிவாங்கி அதை ஏற்று, அவர் நிலையத்துக்குரிய மூன்று எந்திரங்களில் ஒன்றை இயக்கும். தட்டு இடப்புறமா, வலப்புறமா, நேரேவா என்பது முன்கூட்டித் தெரியாது. அது சுடுபவரை விட்டு விலகிப் பறக்கும். தொடக்கத்தில் அதன் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். தகுதிச் சுற்றில் ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டாக்கள் வரை சுடலாம். ஒரு சுற்றுக்கு 25 தட்டுகள். ஐந்து சுற்றுகளுக்கு 125.

ஸ்கீட் போட்டியில் இடப்புறம் உயரமான கூண்டும் வலப்புறம் தாழ்வான கூண்டும் இருக்கும். தட்டுகள் குறுக்கே பறக்கும்; அவற்றின் பாதை முன்பே தெரியும். ஆனால் தட்டு வெளிப்படும் வரை துப்பாக்கிக் கட்டை இடுப்பளவில் இருக்க வேண்டும். குரல் கொடுத்தபின் உடனேயும் தட்டு வரலாம். 3 விநாடி வரை தாமதித்தும் வரலாம்.

ஒரு தட்டின் மதிப்பு

இந்திய வீரர்களின் அனுபவம் இவ்விளையாட்டில் ஒரு தட்டின் மதிப்பை உணர்த்தும். பிக்கானேர் மன்னர் கர்ணி சிங் 1962ஆம் ஆண்டு கெய்ரோ உலகப் போட்டியில் ட்ராப் பிரிவில் வெள்ளி வென்றார். 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் இரட்டை ட்ராப் பிரிவில் வெள்ளி பெற்றார். 2006ஆம் ஆண்டு மானவ்ஜித் சிங் சந்து ட்ராப் உலகச் சாம்பியன் ஆனார்.

தமிழகத்திலிருந்து இவ்வரிசையில் வருபவர் புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான். 2023ஆம் ஆண்டு அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கைனான் செனாய், சொராவர் சிங் சந்து ஆகியோருடன் சேர்ந்து ட்ராப் அணிப் பிரிவில் தங்கம் வென்றார். மூவரும் சேர்ந்து 375 தட்டுகளில் 361 உடைத்தனர். இரண்டாம் இடம் பெற்ற குவைத் அணி 359. வேறுபாடு இரண்டே தட்டுகள்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தொண்டைமான் முதல்நாள் 75க்கு 68 எடுத்தார். மறுநாள் எஞ்சிய 50 தட்டுகளையும் ஒன்றுவிடாமல் உடைத்தார். மொத்தம் 118. இருந்தும் அவருக்குக் கிடைத்தது 21ஆம் இடம்; இறுதிச் சுற்றுக்கு ஆறு பேரே செல்ல முடிந்தது. அதே ஒலிம்பிக்கில் ஸ்கீட் கலப்பு இணையில் மகேஸ்வரி சௌகானும் அனந்த்ஜீத் சிங் நருகாவும் 43க்கு 44 என்ற கணக்கில், ஒரே ஒரு தட்டில் வெண்கலத்தை இழந்தனர்.

ஆக, உயர்நிலையில் பேச்சு நூற்றுக்கு ஐந்து ஆறு தட்டுகளைப் பற்றியதே. அவை ஏன் தவறுகின்றன என்பதை அறிவதே குறித்திருத்தத்தின் தொடக்கம்.

முன்தூரக் கணக்கு

ஈயக் குண்டுகள் குழலிலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 400 மீட்டர் வேகத்தில் புறப்பட்டு, காற்றின் தடையால் வேகம் குறைகின்றன. 30 மீட்டரைக் கடக்க ஏறக்குறையப் பத்தில் ஒரு விநாடி ஆகிறது. தட்டு மணிக்கு 90 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் பறப்பதாகக் கொள்வோம். அந்தப் பத்தில் ஒரு விநாடிக்குள் அது 2.5 மீட்டர் நகர்ந்துவிடும்.

தட்டு நேர்குறுக்கே சென்றால் அதற்கு 2.5 மீட்டர் முன்னால் சுட வேண்டும். பார்வைக் கோட்டுக்கு 30 பாகை சாய்வில் விலகிச் சென்றால் அதில் பாதி, அதாவது 1.25 மீட்டர் போதும். நேரே விலகிச் சென்றால் பக்கவாட்டில் முன்தூரமே தேவையில்லை. தட்டின் மேலேயே குறி வைத்துச் சுடுபவர், 30 பாகைத் தட்டில்கூட 1.25 மீட்டர் பின்தங்குகிறார். குண்டுக் கூட்டம் தரும் சலுகையோ 35 செ.மீ.தான். பக்கவாட்டில் செல்லும் தட்டுகளில் பெரும்பாலான தவறுகள் தட்டுக்குப் பின்னால் விழுவதற்கு இதுவே காரணம்.

இம்முன்தூரத்தை வானில் அளந்து பார்க்க நேரமில்லை. அதற்கு மூன்று வழிகள் கைக்கொள்ளப்படுகின்றன. முதலாவது, தட்டுக்குப் பின்னாலிருந்து குழலை வேகமாக வீசி, அதைக் கடந்து செல்லும்போது சுடுவது. ட்ராப் வீரர்களிடம் இது மிகுதி. இரண்டாவது, தொடக்கம் முதலே தட்டுக்கு முன்னால் ஒரே இடைவெளியில் குழலை நகர்த்திச் சுடுவது. ஸ்கீட் போட்டியில் இது பயன்படும். மூன்றாவது, தட்டோடு ஒட்டிச் சென்று பின் முன்னே இழுத்துச் சுடுவது. கற்பவர் ஒரே நாளில் மூன்றையும் கலக்காமல், ஒன்றைத் தேர்ந்து பழகுவது நல்லது.

கண்

மனிதக் கண்ணால் அருகிலுள்ள பொருளையும் தொலைவிலுள்ள பொருளையும் ஒரே நேரத்தில் தெளிவாகக் காண முடியாது. குழலின் முனையிலுள்ள மணியைத் தெளிவாகப் பார்த்தால் தட்டு மங்கும். தட்டைத் தெளிவாகப் பார்த்தால் மணி மங்கும். தட்டே தெளிவாக இருக்க வேண்டும். "சரியாக இருக்கிறதா" என்று குழலை ஒருமுறை திரும்பிப் பார்த்தாலும் கை வீச்சு நின்றுவிடும். தட்டு முன்னே போய்விடும்.

இரண்டு கண்களில் ஒன்று ஆதிக்கக் கண். அதை அறிவது எளிது. இரு கைகளையும் நீட்டி, கட்டைவிரல்களுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையே சிறு துளை அமைத்து, இரு கண்களாலும் அதன் வழியே தொலைவிலுள்ள ஒரு பொருளைப் பார்க்க வேண்டும். பின் ஒவ்வொரு கண்ணாக மூட வேண்டும். எந்தக் கண் மட்டும் திறந்திருக்கும்போது பொருள் துளைக்குள்ளேயே நிற்கிறதோ, அதுவே ஆதிக்கக் கண். வலத் தோளில் வைத்துச் சுடுபவருக்கு இடக்கண் ஆதிக்கம் இருந்தால் குழல் அவர் அறியாமலேயே விலகும். தோளை மாற்றிப் பழகலாம். அல்லது கண்ணாடியில் இடக்கண்ணுக்கு எதிரே சிறு ஒட்டுத்தாள் இடலாம். இக்குறை இல்லாதவர்கள் இரு கண்களையும் திறந்தே சுடுவது நலம்; வேகத்தையும் தொலைவையும் இரு கண்களே நன்கு மதிப்பிடும்.

கன்னம்

ஷாட்கன்னில் பின்குறி கிடையாது. சுடுபவரின் கண்ணே பின்குறி. கண்ணுக்கும் குழல் முனைக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 1 மீட்டர். எனவே, கண் 1 செ.மீ. உயர்ந்தால் 30 மீட்டரில் குண்டுக் கூட்டம் 30 செ.மீ. மேலே செல்லும். தட்டு உடைகிறதா என்று பார்க்கும் ஆவலில் கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுப்பது புதியவர்களிடம் மிகப் பரவலான பிழை. கட்டையின் நீளமும் உயரமும் உடலுக்குப் பொருந்தாவிட்டால் இப்பிழை தானாகவே வரும். இரவல் துப்பாக்கியில் நன்றாகச் சுட முடியாததற்கும் இதுவே காரணம்.

இடுப்பும் வீச்சும்

வலக்கையர் இடக்காலைச் சற்று முன்வைத்து, உடல் எடையில் சிறிது மிகுதியை அதன்மேல் சாய்த்து நிற்க வேண்டும். துப்பாக்கியைக் கைகளால் மட்டும் திருப்பினால் கட்டை கன்னத்தை விட்டு விலகும். இடுப்பிலிருந்து மேலுடல் முழுவதும் திரும்ப வேண்டும். விசையை அழுத்திய பிறகும் வீச்சு தொடர வேண்டும். மூளை "சுடு" என்று சொல்வதற்கும் குண்டு குழலை விட்டு நீங்குவதற்கும் இடையே சிறு காலம் கழிகிறது. அதற்குள் குழல் நின்றுவிட்டால் முன்தூரம் முழுவதும் வீணாகும்.

தவற்றைப் படித்தல்

தட்டு புகைபோல் தூளானால் குண்டுக் கூட்டத்தின் மையம் பட்டது என்று பொருள். பின்விளிம்பில் ஒரு சில்லு மட்டும் பெயர்ந்தால் வீச்சு பின்தங்கியது. முன்விளிம்பு உடைந்தால் முன்தூரம் மிகுந்தது. முழுதாகத் தவறிய தட்டைவிட அரைகுறையாக உடைந்த தட்டு அதிகம் கற்பிக்கும். பயிற்சியாளர் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பதும் இதற்காகவே. எந்த நிலையத்தில், எந்தத் திசைத் தட்டு தவறியது என்று குறித்து வைத்தால், பத்து நாளில் ஓர் ஒழுங்கு தெரியவரும்.

தோட்டா இல்லாப் பயிற்சி

தோட்டாவும் தட்டும் செலவு மிக்கவை. ஷாட்கன் திடல்களும் சிலவே. தலைநகர் தில்லியின் துக்ளகாபாத்தில் கர்ணி சிங் பெயரில் அமைந்துள்ள திடல் அவற்றுள் புகழ்பெற்றது. செந்துறை போன்ற ஊரிலிருந்து பயிலும் மாணவருக்குத் திடலில் கிடைக்கும் நேரம் குறைவு. ஆனால் கண்ணையும் இடுப்பையும் பழக்கத் துப்பாக்கியே தேவையில்லை. முந்திரித் தோப்பின் மேல் பறக்கும் கொக்கையோ காக்கையையோ இரு கண்களும் திறந்தபடி, நீட்டிய சுட்டுவிரலால், இடுப்பிலிருந்து திரும்பிப் பின்தொடரலாம். விரலைப் பாராமல் பறவையின் அலகை மட்டும் பார்க்க வேண்டும். திடலில், தோட்டா இல்லை என்று உறுதி செய்த துப்பாக்கியைக் கண்ணாடி முன் கன்னத்துக்கு ஏற்றி இறக்குவது அடுத்த படி. ஒவ்வொரு முறையும் கண் அதே இடத்தில் வந்து நிற்கும் வரை இதைச் செய்ய வேண்டும்.

மனம்

125 தட்டுகளை ஒன்றாக எண்ணினால் சுமை. தேர்ந்த வீரர்கள் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரே வரிசையைக் கடைப்பிடிக்கின்றனர்: காலை ஊன்றுதல், கட்டையைப் பொருத்துதல், பள்ளத்தின் மேல் பார்வையைத் தளர்வாக நிறுத்துதல், ஒரு மூச்சு, பின் குரல். முந்தைய தட்டு தவறியதும் இவ்வரிசையை அவசரப்படுத்துவதே அடுத்த தட்டையும் இழக்கச் செய்கிறது.

பாதுகாப்பும் சட்டமும்

நிலையத்தில் சுடும் முறை வரும் வரை துப்பாக்கி மடக்கித் திறந்தே இருக்க வேண்டும். தோட்டாவை நிலையத்தில் மட்டுமே இட வேண்டும். சுட்டாலும் சுடாவிட்டாலும் குழல் முனை ஆட்களின் பக்கம் திரும்பக் கூடாது. கண்ணாடியும் காதுக்கவசமும் கட்டாயம். இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்துக்கு உட்பட்டவை. விளையாட்டு நிர்வாகத்தை 1951இல் தொடங்கப்பட்ட இந்திய தேசிய ரைபிள் சங்கம் கவனிக்கிறது. அதனுடன் இணைந்த மாநிலச் சங்கம் அல்லது மன்றத்தில் சேர்ந்து, பயிற்சியாளர் மேற்பார்வையில், அனுமதி பெற்ற திடலில் மட்டுமே இவ்விளையாட்டைக் கற்க வேண்டும்.