கை பழகட்டுமே

“மிஸ்ஸி, அழுதவுடனே தூக்கினா புள்ளைக்குக் கை பழகிடும்னு அத்தை தூக்கவே விடமாட்டேங்கிறாங்க. நீங்களே சொல்லுங்க.” மலேசியாவின் ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டாரத்துக் கிளினிக்குகளில் சமூகத் தாதியாக இருந்தபோது, தடுப்பூசி வரிசையில் என் காதில் அதிகம் விழுந்த புகார் இதுதான். அந்த அத்தையும், அதாவது மாமியாரும், பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார். இரண்டு பேருக்கும் பொதுவாகத்தான் பதில் சொல்வேன்: பழகட்டுமே. முதல் வருஷத்தில் பிள்ளைக்கு வேறென்ன வேலை?

1986-இல் கனடாவின் மொன்ட்ரியல் நகரில் ஹன்சிகர், பார் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தாய்மாரில் ஒரு பகுதியினரை, பிள்ளை அழுதாலும் அழாவிட்டாலும் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் தூக்கி வைத்திருக்கச் சொன்னார்கள். ஆறாவது வாரத்தில்தான் பிள்ளைகள் பொதுவாக அதிகமாக அழும். அந்த வாரத்தில், கூடுதலாகத் தூக்கப்பட்ட பிள்ளைகள் மற்றவர்களைவிட 43 சதவீதம் குறைவாகவே அழுதார்கள். ஏற்கெனவே விடாமல் வீறிடும் பிள்ளைகளிடம் இது அவ்வளவாகப் பலிக்கவில்லை என்று அதே பார் பின்னர் எழுதினார். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் தூக்கினால் பிள்ளை கெட்டுவிடும் என்ற பயத்துக்கு இதில் இடமே இல்லை.

இருந்தாலும் மாமியார்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. அவர்கள் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்துகொண்டே பிள்ளை பெற்றவர்கள். விடியுமுன் பெரட்டில் பேர் கொடுக்க நிற்க வேண்டும். அதற்குமுன் கைப்பிள்ளையைச் சாரோங்கில் சுற்றிக்கொண்டு போய் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட வேண்டும். கை பழகிய பிள்ளை அங்கே வீறிட்டால், தாய் மனசு கேட்காமல் வாசலிலேயே நிற்பாள். அன்றைய பேரும் கூலியும் போய்விடும். ‘தூக்காதே’ என்பது கல்நெஞ்சுக்காரி பேச்சில்லை, கூலிக்காரியின் கணக்கு.

என் அம்மாவும் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டியவர்தான். நானும் கொட்டகையில் கிடந்தவள். உத்தரத்தில் வரிசையாகத் துணி ஏணைகள் தொங்கும். ஆயா ஒரு கயிற்றைக் கையிலும் இன்னொன்றைக் கால் கட்டைவிரலிலும் பிடித்து ஆட்டுவார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் திரும்பிப் பார்க்காமலே, இது யார் அழுகை, பசியா தூக்கமா என்று சொல்லிவிடுவார். பால் கலக்கிக்கொண்டே “இந்தா வந்துட்டேன்டா ராசா” என்று குரல் கொடுப்பார். பாதிப் பிள்ளைகள் அந்தக் குரலுக்கே அடங்கிவிடுவார்கள். நாளெல்லாம் அதே குரல், அதே வெற்றிலை வாசம். உச்சிப்பொழுதில் மார் கனத்து, ரவிக்கை நனைந்து, பால் வாளியை நிறுத்துவைத்த கையோடு ஓடிவரும் அம்மாமார் நேரே ஏணைக்குத்தான் போவார்கள்.

கொட்டகைக்குப் புகழ் பாடவில்லை. நல்ல ஆயா அமைவது அதிர்ஷ்டம். ஒற்றை ஆள், மடி கொள்ளாத பிள்ளைகள். ஒன்றுக்குச் சளி பிடித்தால் எல்லாருக்கும் பிடிக்கும். ஆனாலும் என்னோடு ஏணையில் கிடந்தவர்கள் அம்மாவை மறந்து வளர்ந்ததாக நான் பார்த்ததில்லை. ஏன் என்று பல வருஷம் கழித்து மேரி ஐன்ஸ்வர்த் என்ற உளவியலாளரைப் படித்தபோது புரிந்தது.

1951-இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்காக மனநல மருத்துவர் ஜான் பௌல்பி எழுதிய அறிக்கை, தாயன்பு இல்லாமல் பிள்ளையின் மனம் நலமாக வளராது என்றது. வேலைக்குப் போகும் தாய்மார் பலரை அது உறுத்தியது. அவரோடு வேலை செய்த ஐன்ஸ்வர்த், 1954-இல் உகாண்டாவுக்குப் போய், கம்பாலா அருகே கிராமத்து வீடுகளில் உட்கார்ந்து பிள்ளைகளைக் கவனித்தார். அந்தத் தாய்மாரும் தங்கள் பயிர்த் தோட்டங்களில் வேலைக்குப் போகிறவர்கள்தான். வேறு சிலர் கையிலும் பிள்ளை வளர்வதால் தாயோடு பாசம் குறைந்ததாக அவருக்குத் தெரியவில்லை. வித்தியாசம் வேறிடத்தில் இருந்தது. தன் பிள்ளையின் சின்னச் சின்ன வழக்கங்களை விலாவாரியாகச் சொல்லத் தெரிந்த தாயின் பிள்ளைகளே நிம்மதியாக இருந்தார்கள். அதைப் படித்த பிறகு, எடை பார்க்கும்போதே “பசிச்சா என்ன பண்றான்?” என்று கேட்க ஆரம்பித்தேன். “அழுவான்” என்று ஒருத்தி சொல்வாள். “முதல்ல கையைச் சப்புவான், அப்புறம் தலையை இப்படித் திருப்புவான்” என்று இன்னொருத்தி செய்தே காட்டுவாள்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்துக் குடும்பங்கள் ஈப்போ பக்கத்துப் புந்தோங், சிலிபின், சிம்மோர் என்று சிதறின. லயத்தில் ஏழு வீட்டுக்குக் கேட்ட அழுகை, டேரஸ் வீட்டில் ஒரு பெண்ணுக்கு மட்டும்தான் கேட்கிறது. மோட்டார் வைத்த ஸ்பிரிங் தொட்டில் தானாக ஆடுகிறது. ஆடட்டும், ஆனால் “ராசா” என்று கூப்பிட அதற்கு வாயில்லை. பால் குடிக்கும் பிள்ளைக்கும் அம்மா முகத்துக்கும் நடுவில் இப்போது கைப்பேசி. 1970-களில் எட் டிரோனிக் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் செய்த சோதனையைத்தான் அப்போதெல்லாம் நினைப்பேன். சிரித்துப் பேசிக்கொண்டிருந்த தாய் சில நிமிஷம் முகத்தை அசைக்காமல் வெறுமனே பார்க்க வேண்டும். பிள்ளை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் போடும். ஒன்றுக்கும் பதில் வராவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிணுங்கும். அம்மா எதிரிலேயே இருக்கிறாள், ஆனால் இல்லை. தாய் மறுபடி சிரித்ததும் பிள்ளை மெல்ல மெல்லத் தேறிவிடும். அதனால் கைப்பேசி எடுத்த ஒவ்வொரு தடவைக்கும் மனம் குமைய வேண்டாம். சிரிக்கவே முடியாதபடி உங்கள் மனசு பல நாள் இருண்டு கிடந்தால் மட்டும் கிளினிக்கில் வாய்விட்டுச் சொல்லுங்கள். அது சோம்பேறித்தனமில்லை, மருந்தும் ஆறுதலும் உள்ள நோய்.

2023 ஜனவரி முதல் இங்கே தனியார் துறையில் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகியிருக்கிறது. தொண்ணூற்றொன்பதாம் நாள் பிள்ளை யார் கையில்? பதிவு பெற்ற தஸ்காவாக, அதாவது பிள்ளைப் பராமரிப்பு நிலையமாக, இருந்தால், ஒரு வயதுக்குட்பட்ட 3 பிள்ளைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் ஆயா கேட்டிருந்தால் சிரித்திருப்பார். கட்டணத்தையும் கேமராவையும் விசாரிக்கும் பெற்றோர், “என் பிள்ளையை யார் தூக்குவாங்க? அவங்க இங்க எத்தனை நாளா இருக்காங்க?” என்று கேட்பதில்லை. மாதத்துக்கு ஓர் ஆள் மாறும் பளபளப்பான இடத்தைவிட, பக்கத்துத் தாமான் குடியிருப்பில் வருஷக்கணக்காகப் பிள்ளை பார்க்கும் அக்கா எனக்கு மேல்.

எட்டு மாதம் நெருங்கினால் பிள்ளை புதுமுகம் கண்டு அழும். அந்தச் சமயத்தில் ஆளை மாற்ற வேண்டியிருந்தால், கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் புதியவரை முதலில் உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். பிள்ளை உங்கள் மடியில் இருக்கும்போதே அவர் பேச்சுக் கொடுக்கட்டும். அதுவாகக் கை நீட்டிய பிறகு தூக்கட்டும்.