வளையல் ஏறாத கை

போன தை மாதம் என் மூத்த ஓரகத்தி வீட்டில் வளைகாப்பு. வளையல்காரர் கூடத்தில் துணியை விரித்துக் கட்டுக் கட்டாகக் கண்ணாடி வளையல்களைப் பரப்பியிருந்தார். மசக்கைக்காரிக்கு இரண்டு கையும் அடுக்கி முடித்ததும், வந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கை நீட்டினோம். பெண்ணைப் பெற்றவளும் உட்கார்ந்தாள். வலது கைக்கு வளையல் ஏறிவிட்டது. இடது கையை வளையல்காரர் தொட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "பாயசம் அடிப்பிடிக்குது" என்று உள்ளே போய்விட்டாள்.

பாயசத்தை அரை மணி நேரத்துக்கு முன்பே இறக்கி வைத்தவள் நான்!

பின்னாலேயே போனேன். முழங்கை வரை மூடிய ரவிக்கை. கொஞ்ச நாளாகவே அக்கா இப்படித்தான் தைத்துப் போடுகிறாள், ஏதோ புது மோகம் என்று நினைத்திருந்தேன். மணிக்கட்டிலிருந்து மேலே கை வீங்கி மினுமினுவென்று இருந்தது.

"எத்தனை நாளாக்கா?"

"நாலு மாசமாச்சுடி. யார்ட்டயும் சொல்லிடாதே."

"டாக்டரம்மாகிட்ட காமிச்சியா?"

"காமிச்சா, திரும்ப வந்துடுச்சுன்னு சொல்லிடுவாங்களே! இவ பிரசவம் முடியட்டும். அப்புறம் என்ன ஆனாலும் சரி."

மூன்று வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்கு இடது மார்பில் கான்ஸர். ஆபரேஷன், பிறகு மருந்து ஏற்றுவது, பிறகு ரேடியேஷன் என்று எல்லாம் முடிந்து, முடியும் பழையபடி வளர்ந்துவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லாம் "பொழச்சு எழுந்துட்டே" என்கிறார்கள். அந்தப் பொழச்சு எழுந்த பிறகு என்ன என்பதைப் பற்றித்தான் நாம் பேசுவதே இல்லை.

நல்ல வேளை, அடுத்த வாரமே கையைப் பிடித்து இழுக்காத குறையாக டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். அவர் அக்குள், கழுத்து எல்லாம் அழுத்திப் பார்த்தார். ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். திடீரென்று கை வீங்கினால் ரத்தக்கட்டு இருக்கலாம், சில சமயம் கான்ஸரே திரும்பி வந்திருக்கலாம், அதனால் பார்க்காமல் விடக்கூடாது என்றார். அக்காவுக்கு இரண்டுமில்லை. வந்திருந்தது நிணநீர் வீக்கம்.

ரத்தக் குழாய்களைப் போல நம் உடம்பில் நிணநீர்க் குழாய்களும் ஓடுகின்றன. கையில் ஊறும் நீர் அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகள் வழியாகத்தான் வடிய வேண்டும். மார்பு ஆபரேஷனில் அந்த முடிச்சுகளை எடுத்துவிட்டாலோ, ரேடியேஷனால் அவை பாதிக்கப்பட்டாலோ வடிகால் குறைந்துவிடும். அடைமழையில் சாக்கடை அடைத்துக்கொண்டால் தெருவில் தண்ணீர் நிற்குமே, அந்தக் கதைதான். இது சிகிச்சை முடிந்த உடனே வரும் என்றில்லை. மாதங்கள் கழித்தும் வரும், வருஷங்கள் கழித்தும் வரும். ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தில் இதைப் பற்றி ஒரு வரி இருந்தது. நாங்கள் அதை ஃபைலில் பத்திரமாக வைத்தோம், படிக்கவில்லை!

இந்த நாலு மாதமும் அக்கா ராத்திரியில் கதவைச் சாத்திக்கொண்டு, தைலத்தைச் சுடவைத்துத் தேய்த்து ஒத்தடம் கொடுத்திருக்கிறாள். செய்யக்கூடாத காரியம் அதுதான். சூடு பட்டால் அந்த இடத்துக்கு ரத்தம் அதிகமாகப் பாய்ந்து வீக்கம் கூடும். இதற்கென்று பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்கள். மயிலிறகால் தடவுவது மாதிரி, தோல் மட்டும் நகரும்படி மெதுவாக நீவிவிட்டு நீரை வேறு வழியாகத் திருப்புகிறார்கள். பிறகு கைக்கு அளவெடுத்து ஓர் அழுத்த உறை. சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு சமையலறையில் நிற்பது லேசில்லை. "உறையா இது, தண்டனை" என்று அக்கா திட்டாத நாளில்லை. ஆனாலும் காலையில் போட்டுக்கொண்டு விடுகிறாள். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் இன்னும் சுலபமாகக் குறைந்திருக்கும் என்று டாக்டரம்மா சொன்னபோது அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தக் கையில் காயம் படாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். அரிவாள்மனைக் கீறல், கொசுக்கடியைச் சொறிந்த புண் என்று எது வழியாகவும் கிருமி புகுந்துவிடும். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும். "காலையில் பார்த்துக்கலாம்" கூடாது.

"துரும்பைக்கூடத் தூக்காதே" என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். அது இப்போது மாறிவிட்டது. அமெரிக்காவில் இந்த வீக்கம் உள்ள 141 பெண்களில் ஒரு பாதியினருக்கு ஒரு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்கப் பயிற்சி கொடுத்துப் பார்த்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி செய்தவர்களுக்கு வீக்கம் அதனால் கூடவில்லை, கைக்குப் பலம்தான் கூடியிருந்தது. சொல்லிக் கொடுக்கிறவர் பக்கத்தில் இருந்து, உறையும் போட்டுக்கொண்டு செய்த பயிற்சி அது. அதனால் நாளைக்கே தண்ணீர்க் குடத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டாம்!

கை மட்டும்தானா? மருந்து ஏற்றியதிலிருந்து அக்காவுக்கு விரல் நுனியும் உள்ளங்காலும் மரத்துக் கிடக்கின்றன. கோலமாவு விரலிடுக்கில் நிற்பதில்லை, புள்ளி எங்கோ போய் விழுகிறது. வாசலில் செருப்பில்லாமல் நின்றால் கல் குத்துவதும் தெரிவதில்லை. நரம்பு பட்ட அடி இது. பலருக்கு மாதக்கணக்கில் மெல்லக் குறையும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும். வெந்நீரை விரலால் பார்க்காமல் முழங்கையால் தொட்டுப் பார்ப்பது, ராத்திரி படுக்குமுன் பாதத்தை ஒரு தடவை திருப்பிப் பார்ப்பது என்று பழக்கிக்கொண்டாள். எரிச்சலும் வலியும் இருந்தால் அதற்கு மாத்திரை உண்டு, டாக்டரைக் கேட்க வேண்டும்.

இன்னொன்று, தினம் சாப்பிடும் ஹார்மோன் மாத்திரை. லெட்ரோசோல் மாதிரி மாத்திரைகளால் காலையில் எழுந்ததும் மூட்டெல்லாம் பூட்டுப் போட்ட மாதிரி இருக்கும். எலும்பும் மெலியும். இதற்காகத் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நோய் திரும்பாமலிருக்கத்தான் அதையே கொடுக்கிறார்கள். வலி தாங்கவில்லை என்று சொன்னால் வேறு மாத்திரைக்கு மாற்றிப் பார்க்க வழியுண்டு. நடைப்பயிற்சி இந்த மூட்டு வலிக்கும் கேட்கிறது, ஓயாத அசதிக்கும் கேட்கிறது.

இத்தனைக்கும் வைத்தியம் உண்டு. நாலு மாதம் கையை ஒளித்து வைத்த பயத்துக்கு?

செக்-அப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போதே அக்காவுக்குத் தூக்கம் போய்விடும். தலைவலித்தால் மூளைக்குப் போய்விட்டதோ, முதுகு பிடித்தால் எலும்புக்குப் போய்விட்டதோ என்று ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்திருப்பாள். நாங்கள் என்ன செய்தோம்? "அதான் குணமாயிடுச்சே, தைரியமா இரு" என்றோம். நாங்கள் நல்லதாக நினைத்துச் சொன்ன அந்த வார்த்தைதான் அவள் வாயை அடைத்திருக்கிறது. போதாததற்கு, "எங்க பெரியம்மாவுக்கு இப்படித்தான் அஞ்சு வருஷம் கழிச்சு..." என்று கதை சொல்ல வரும் உறவினர்கள் வேறு. அவர்களை வாசலோடு காபி கொடுத்து அனுப்பிவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

ஃபிட்ஜ்ஹ்யூ முல்லன் என்ற அமெரிக்க டாக்டர் தாமே கான்ஸரில் விழுந்து எழுந்தவர். சிகிச்சை முடிந்த பிறகு வருகிற காலமும் ஒரு தனிப் பருவம், அதற்கும் மருத்துவம் பொறுப்பேற்க வேண்டும் என்று 1985-ல் எழுதினார். இன்று அடையாறு கான்ஸர் இன்ஸ்டிட்யூட்டில் நோயாளிகளின் மனநலத்துக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. உங்கள் ஆஸ்பத்திரியிலும் ஆலோசகர் உண்டா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை, பைத்தியம் என்று அர்த்தமுமில்லை.

அக்காவின் ஆலோசகர் ஒரு நோட்டுப் புத்தகம் போடச் சொன்னார். புதிதாக வலி வந்தால் தேதி, இடம், எவ்வளவு வலி என்று எழுத வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் போகாமல் நின்றாலோ, நாளுக்கு நாள் கூடினாலோ அடுத்த செக்-அப்புக்குக் காத்திராமல் போன் செய்ய வேண்டும். புதுக் கட்டி, மூச்சுத் திணறல், காரணமில்லாமல் எடை குறைவது என்றால் இரண்டு வாரமும் காத்திருக்கக் கூடாது. எழுதி வைத்தவற்றில் பாதிக்கு மேல் நாலாம் நாளே போய்விட்டிருந்ததை அக்கா தானே அடித்துவிட்டுச் சிரித்தாள்.

வருகிற மாதம் அடுத்த செக்-அப். "பயமா இருக்காக்கா?" என்று கேட்டேன்.

"இல்லாம என்ன? நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு அவரை எழுப்பிச் சொல்லிட்டேன். பாவம், எழுந்து உக்காந்து ஹார்லிக்ஸ் கலந்து குடுத்தார். ஒரே கட்டி. குடிச்சுட்டுத் தூங்கிட்டேன்."