சீட் கிடைத்த பிறகு: முதலாண்டு மாணவர்களுக்கும் பெற்றோருக்கும்



ஜூன் மாதம் வந்தால் நம் மஹல்லாவில் ஒரே கேள்விதான்: "பிள்ளைக்கு சீட் கிடைத்துவிட்டதா?" கிடைத்துவிட்டால் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி, மிட்டாய் கொடுத்து, அதோடு விட்டுவிடுகிறோம். உள்ளே போன பிள்ளை என்ன செய்கிறது, அந்தக் கல்லூரியும் இந்த ஊரும் அதற்கு என்னென்ன வைத்திருக்கின்றன என்று கேட்பவர்கள் குறைவு.

நானும் அப்படிப் படித்தவன்தான். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. மூன்று வருடமும் வீடு, டவுன் பஸ், வகுப்பு, மறுபடி வீடு. கல்லூரிச் சாலையில் சிக்ரியின் மதில் சுவரைத் தினமும் பஸ் ஜன்னல் வழியே பார்த்தேன். அதற்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டபோது எனக்கு இருபத்தெட்டு வயது. படித்ததோ வேதியியல்!

ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன். கோட்டையூரில் 1909-ல் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார், 1947-ல் காரைக்குடியில் ஒரு கலைக் கல்லூரியைத் தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இந்த ஊருக்கு வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார்; 1953-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். நாம் சிக்ரி என்று சொல்வது அதைத்தான். 1952-ல் பொறியியல் கல்லூரி வந்தது. 1985-ல் அழகப்பா பல்கலைக்கழகம் தனிச் சட்டத்தின் மூலம் உருவானது. பெரிய நகரங்களில் உள்ள பிள்ளைகளுக்கே ஒரு தேசிய ஆய்வுக்கூடமும் பல்கலைக்கழகமும் அரசுக் கல்லூரிகளும் இப்படி ஒரே சாலையில் அமைவதில்லை. நமக்கு அமைந்திருக்கிறது, பழகிவிட்டதால் கண்ணில் படவில்லை.

சிக்ரியில் பேட்டரி, மின்முலாம், இரும்பு துருப்பிடிப்பதைத் தடுக்கும் வழிகள் என்று பல ஆய்வுகள் நடக்கின்றன. அது சேர்ந்திருக்கும் சி.எஸ்.ஐ.ஆர். அமைப்பின் நிறுவன நாள் செப்டம்பர் 26. அதையொட்டி ஆய்வுக்கூடங்களைப் பார்வையாளர்களுக்குத் திறந்து காட்டுவது வழக்கம். நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் அறிவிப்பு வரும். இயற்பியலோ வேதியியலோ எடுத்த முதலாண்டுப் பிள்ளை ஒரு தடவை உள்ளே போய் வரட்டும். ஆய்வுக்கூடத்தில் நிற்பவர்களும் நம்மைப் போல் சிற்றூரில் இருந்து வந்தவர்கள்தான் என்று கண்ணால் பார்ப்பதே பெரிய விஷயம். எம்.எஸ்ஸி. படிக்கும்போது ப்ராஜெக்ட் எங்கே செய்வது என்று தவிக்கிற நேரத்தில், அன்று பார்த்த ஒரு முகம் நினைவுக்கு வரலாம்.

அடுத்தது பணம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் குடும்பங்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இங்கேதான்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் இது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் இப்போது சேர்த்திருக்கிறார்கள். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம். தொலைதூரக் கல்விக்கு இது கிடையாது. மெட்ரிக் பள்ளியில் படித்த பிள்ளைக்கும் கிடையாது என்பதால், "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வருகிறதே" என்று கல்லூரி அலுவலகத்தில் சண்டை போடாதீர்கள்.

தொழிற்கல்விக்கு அரசுக் கலந்தாய்வு வழியாகப் போனவர்களுக்கு முதல் பட்டதாரி சலுகை உண்டு. அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டம் பெற்றிருந்தால் அது பொருந்தாது. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் நடைமுறையில் உள்ள 3.5 சதவீத இட ஒதுக்கீடு சேர்க்கையோடு முடிந்துவிடுவதில்லை. நாளை அரசு வேலைத் தேர்விலும் அதே சாதிச் சான்றிதழ்தான் பேசும். லெப்பை, அதில் அடங்கும் ராவுத்தர், மரைக்காயர், மற்றும் தக்கனி, ஷேக், சையத் என்று சான்றிதழில் உட்பிரிவு எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதை ஒரு முறை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

இனி நமக்கே உரிய ஒரு தலைவலி. பெயர். ஆதார் அட்டையில் முகமது ஒரு விதமாக இருக்கும். மதிப்பெண் பட்டியலில் ஆங்கில எழுத்து ஒன்று கூடியிருக்கும். வங்கிப் புத்தகத்தில் வெறும் 'எம்.டி.' என்று சுருக்கியிருப்பார்கள். பெண் பிள்ளைகளுக்கு பேகம், பானு, பீவி என்பது ஓர் ஆவணத்தில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. அத்தாவின் இனிஷியல் சில இடத்தில் முன்னால், சில இடத்தில் பின்னால். நமக்கு எல்லாம் ஒரே பெயர்தான். கணினிக்கு அவர்கள் வேறு வேறு ஆட்கள். உதவித்தொகை ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்குக்கு நேரடியாக வருவதால், பெயர் பொருந்தாத விண்ணப்பம் எங்கோ நின்றுவிடுகிறது. ஏன் வரவில்லை என்று யாரும் கூப்பிட்டுச் சொல்லப்போவதில்லை. எனக்கே ஒரு வருட உதவித்தொகை அப்படித்தான் போனது. இரண்டாம் ஆண்டு முடியும்போதுதான் காரணம் தெரிந்தது. அந்த வருடம் அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போனது.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ள பெயரை அடிப்படையாக வையுங்கள். மற்றவற்றை அதற்கேற்பத் திருத்துங்கள். ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் திருத்த விடுவார்கள். எனவே மையத்தில் உள்ளவர் தட்டச்சு செய்ததை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்த பிறகே கைரேகை வையுங்கள். கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்பதை வங்கியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வருமானச் சான்றிதழை முன்கூட்டியே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வையுங்கள். கடைசி வாரத்தில் அங்கே நிற்க இடம் இருக்காது. சந்தேகம் இருந்தால் சிவகங்கை ஆட்சியர் வளாகத்தில் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகம் இருக்கிறது. வெளியூர்ப் பிள்ளைகளுக்கான விடுதி விவரமும் அங்கே கிடைக்கும்.

கல்லூரிக்குள் நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை இரண்டிலும் முதலாண்டிலேயே பெயர் கொடுத்துவிட வேண்டும். பிறகு இடம் இருப்பது அரிது. நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியும் ஒரு ஏழு நாள் முகாமும் உண்டு. தேசிய மாணவர் படையின் 'சி' சான்றிதழ் இருந்தால் ராணுவ அதிகாரி பணிக்கு எழுத்துத் தேர்வு இல்லாமல் நேர்முகத் தேர்வுக்குப் போகும் தனி வழியே இருக்கிறது. முகாம் என்றதும் பெண் பிள்ளை உள்ள வீட்டில் தயக்கம் வருவது இயல்பு. அதற்காக உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அத்தாவும் அம்மாவும் ஒரு நாள் கல்லூரிக்குப் போய், பொறுப்பு ஆசிரியரைப் பார்த்து, எங்கே தங்குகிறார்கள், உடன் வரும் ஆசிரியை யார், தொழுகைக்கு இடம் இருக்குமா என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. பதில் திருப்தியாக இல்லையென்றால் அப்போது முடிவு செய்யலாம். ஜும்ஆ விஷயமும் இப்படித்தான்: முதல் வாரத்திலேயே பிள்ளை துறைத் தலைவரிடம் மரியாதையாகப் பேசிவிட வேண்டும். சொல்லாமல் வெள்ளிக்கிழமை மதியம் காணாமல் போனால் வருகைப் பதிவு குறையும், பெயரும் கெடும்.

ஊருக்குள் என்ன இருக்கிறது? அரசுக் கிளை நூலகத்தில் சிறு தொகை கட்டினால் உறுப்பினராகலாம். கல்லூரி நூலகம் பாடப் புத்தகத்துக்கு, இது மற்றதற்கு. சா. கணேசன் 1939-ல் தொடங்கிய கம்பன் கழகம் ஆண்டுதோறும் பங்குனியில் விழா எடுக்கிறது. "அது நமக்கு எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த நாகூர்க்காரர் மு.மு. இஸ்மாயில் கம்பனில் பெரும் புலமை பெற்றவர். சென்னைக் கம்பன் கழகத்தை நிறுவியவர். மேடையில் நல்ல தமிழ் பேசக் கற்றுக்கொள்வதற்கும் மார்க்கத்துக்கும் எந்தச் சண்டையும் இல்லை என்பதை அவர் வாழ்க்கையே காட்டியது. நேர்முகத் தேர்வில் வாய் திறக்கத் தடுமாறும் நம் பையன்களைப் பார்க்கும்போது எனக்கு அவர் நினைவுதான் வருகிறது.

வரலாறு படிப்பவர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கும் கீழடி அருங்காட்சியகத்தைப் பார்க்காமல் இரண்டாம் ஆண்டுக்குப் போகக் கூடாது. 2023 மார்ச்சில் திறந்தார்கள்; கட்டடமே செட்டிநாட்டு வீட்டின் பாணியில் இருக்கும். வணிகவியல் பிள்ளைக்கு ஆத்தங்குடி கல் பட்டறை ஒன்று போதும்: மூலப்பொருள், கூலி, உடைந்து வீணாகும் கல், வெளியூர் ஆர்டர் என்று பாடத்தில் வருவதெல்லாம் ஒரே கொட்டகையில் இருக்கும். பெண்களுக்கு சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் கிடையாது என்பதால் பக்கத்தில் போய்வரச் செலவென்று பெரிதாக இல்லை.

அரசு வேலைத் தேர்வுக்குத் தயாராக நினைப்பவர்களுக்கு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டம் இலவசம். கைப்பேசியிலேயே என்.பி.டி.இ.எல். வகுப்புகளைக் கேட்கலாம், கேட்பதற்குப் பணம் இல்லை, சான்றிதழ்த் தேர்வு எழுத மட்டும்தான் கட்டணம்.

ஆவணங்களில் பெயர் பொருந்துகிறதா என்று பார்த்துத் தர, ஜும்ஆ தொழுகைக்குப் பின் நம் அறக்கட்டளை அலுவலகத்தில் இரண்டு தன்னார்வலர்கள் இருப்பார்கள். ஆதார், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றின் நகல் போதும். அசலை யாரிடமும் கொடுத்துவிட்டுப் போக வேண்டாம், எங்களிடமும்தான். பிள்ளையையும் கூட அழைத்து வாருங்கள். விண்ணப்பத்தை அவர்களே நிரப்பட்டும்.